எண்ணிக்கொண்டிருக்கிறேன்

பதினோரு வருடமாகத் தெரியும் எனக்கு இந்த மாத்திரையை.
வெள்ளை, நீள்வட்டம், நடுவில் ஒரு கோடு.
டப்பியைத் திறந்தால் லேசாக மீன் கவிச்சி.
சர்க்கரைக்காரர்களுக்குத் தெரியும் அது,
மருந்துக்கடையில் சொல்லமாட்டார்கள்.
முதல் மாதம் வயிற்றைக் கலக்கியெடுத்தது.
டிராலிபஸ் தடத்தில் எங்கெங்கே கழிப்பறை என்று
மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.
பிறகு ராசியாகிவிட்டோம், அதுவும் நானும்.

லெயோகாடியாவுக்குச் சர்க்கரை கிடையாது. முழங்கால் உண்டு.
கிடினியா துறைமுகத்தின் மீன் டப்பா ஆலையில்
இருபத்தாறு வருடம் ஈரச் சிமெண்டில் நின்ற முழங்கால்.
தலைக்கு வாலாய் ஸ்ப்ராட் மீன்களை அடுக்கிய கைகளுக்கு
ஒன்றும் ஆகவில்லை.
பாரமெல்லாம் கீழே இறங்கிவிட்டது.
எங்களுக்கு நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை.
தளத்துக்குத் தளம் நின்று
சுவர்ப் பெயிண்ட்டை ஆராய்கிறவள்போல் நடிப்பாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சோதனைக்குப் பெயர் கொடுத்தாள்.
பழைய மருந்துக்குப் புது வேலை பார்க்கிறோம்
என்றார் டாக்டர் வ்ரொன்ஸ்கா.
இரத்தத்தில் சர்க்கரையை மேய்க்கிறது
மூட்டில் வலியையும் மேய்க்குமா என்று பார்க்கவேண்டுமாம்.
பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எது, அவருக்கே தெரியாது.
தெரியாமல் இருப்பதற்கு
பதினாறு பக்கம், ஒவ்வொன்றிலும் கையெழுத்து.

'உன் மருந்து என்னிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டது'
என்று சிரித்தாள், பூட்ஸைக் கழற்ற முடியாமல்.

புதிதல்ல அதற்கு.
ஷண்டிங் யார்டில் நான் வேலைபார்த்தபோது
தண்டவாள ஓரமெல்லாம் ஊதாப்பூ, ருத்வித்ஸா என்போம்.
ஒரு காலத்தில் பால் சுரக்க ஆட்டுக்குப் போட்ட செடி.
அதிலிருந்து கிளம்பியதுதான் என் மாத்திரையின் வம்சம்.
ஆட்டு மடி, மனிதச் சர்க்கரை, இப்போது இவள் மூட்டு.
வேலை மாறிமாறிப் பிழைத்த ஜாதி அது,
எங்களைப் போல.

ஒன்றைச் சொல்லவேண்டும்.
லெயோகாடியாவின் மூக்குக்கு மீன் வாசம் எட்டாது.
ஆலை அதை எப்போதோ எடுத்துக்கொண்டது.
சந்தையில் வாங்கிய காட் மீனை
என் முகத்துக்கு நேரே நீட்டி 'எப்படி?' என்பாள்.
நான் சொல்லும் ஒரு வார்த்தையில்
சட்டிக்கோ பூனைக்கோ போகும்.

மூன்றாம் வாரம், அவள் குளிக்கும்போது,
அவளுடைய டப்பியைத் திறந்தேன்.
ஒன்றுமில்லை.
சாக்பீஸ். பள்ளிக்கூடக் கரும்பலகை.
என்னுடையதைத் திறந்தேன்: துறைமுகம்.
மறுபடி அவளுடையது.
மேலே பூச்சு பூசியிருக்கலாம் என்று
தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை
எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் வாரம் அவள் நிற்காமல் ஏறினாள்.
இரண்டாம் தளம், மூன்றாம் தளம்,
பெயிண்ட் பக்கம் திரும்பக்கூட இல்லை.
மேலேயிருந்து கூப்பிடுகிறாள்:
'பார்த்தாயா, கெட்டிக்கார மருந்து!'
நான் கீழே நின்று
ரொட்டிப் பையை இந்தக் கையிலிருந்து
அந்தக் கைக்கு மாற்றினேன்.

ஜனவரியில் பால்டிக் காற்று உள்ளே வந்தது.
இரண்டு நாள் முழங்கால் பழைய பாஷை பேசியது.
இரவு சமையலறையில் இரண்டு டப்பிகளோடு நான்.
என்னிடம் ஏழு, அவளிடம் ஏழு.
அதே வெள்ளை, அதே கோடு.
கண்ணுக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.
மூக்கும் எனக்கு மட்டும்தான்.

'அங்கே என்ன பண்ணுகிறாய்?'
'எண்ணிக்கொண்டிருக்கிறேன்.'
'எத்தனை இருக்கு?'
'சரியாக இருக்கு.'

மூடிகளை அதனதன் டப்பியிலேயே திருகினேன்.

மார்ச்சில் கடிதம் வரும், எது என்று சொல்லும்.
அதற்கு முன் ஓர்வோவோ பாறைவரை நடக்கவேண்டுமாம்,
பூட்ஸுக்குப் புதுக் கயிறுகூட வாங்கிவிட்டாள்.
இன்று சந்தையிலிருந்து வந்தவள்
காகிதத்தைப் பிரித்து ஹெர்ரிங்கை நீட்டுகிறாள்.
'எப்படி?'

'நன்றாக இருக்கிறது,' என்கிறேன்,
மோந்து பார்க்காமலேயே.